சிறு பந்தயக்காரரும் கணக்குப் பொறியும்

குதிரைப் பந்தயத் திடலில் புக்கியிடம் பேரம் பேசிப் பணம் கட்டுவது பழகியவர்களுக்கே கைவந்த கலை. புதியவருக்கு அவனுடைய கைச்சாடைகளும் விளங்கா. ஏமாறிவிடுவோமோ என்ற அச்சமும் நீங்காது.

1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் என்பார் வேறு வழி கண்டார். கட்டிய பணமெல்லாம் ஒரே குவியலாகச் சேரும். நடத்துவோர் பங்கு கழிந்தபின் எஞ்சியது, வென்ற குதிரையின்மேல் கட்டியோருக்குப் பகிரப்படும். கணக்குத்தான் தொல்லை. ஆயிரக்கணக்கான சீட்டுகளை ஓட்டம் தொடங்குமுன் கையால் கூட்டிமுடிப்பது எளிதா? சிட்னிப் பொறியியலாளர் ஜோர்ஜ் ஜூலியஸ், தேர்தல் வாக்குகளை எண்ணவென்று ஒரு பொறியை வகுத்தார். அரசினர் அதை ஏற்கவில்லை. அதுவே உருமாறி, 1913இல் நியூசிலாந்தின் எலர்ஸ்லி திடலில் பந்தயக் கணக்கைப் பார்க்கலாயிற்று!

1929இல் இங்கிலாந்திலும் 'டோட்' தொடங்கியது. இரண்டு ஷில்லிங் கொண்டுவந்தவரும் கூச்சமின்றிச் சாளரத்தில் சீட்டுப் பெற்றார். தோற்றால் கோபித்துக்கொள்ள மட்டும் எதிரே புக்கி இல்லை.