சீமைகளை உலுக்கிய காய்ச்சல்

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி ஆகிய நான்கு சீமைகளிலும் காய்ச்சல் பரவி ஆட்களை வாரிக்கொண்டு போனது. சங்கரன்கோவில் வட்டாரம் அன்று திருநெல்வேலிச் சீமைக்குள் இருந்தது. பூலித்தேவன் காலம் தொட்டு அரை நூற்றாண்டாகப் படைகளைப் பார்த்தே ஓய்ந்த பூமி. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்து, கும்பினியாரின் நேரடி ஆட்சிக்கு வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த அடி.

சென்னை அரசாங்கம் வில்லியம் ஐன்ஸ்லி என்ற மருத்துவரின் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. நம் நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் இவர்தான். குழுவின் அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சானது. அதன் தலைப்பிலேயே மருத்துவத்தோடு புவியியலும் வேளாண்மையும் சேர்ந்து நிற்கின்றன. சதுப்பிலிருந்து கிளம்பும் நச்சுக்காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. ஆகவே நோயை ஆராய்ந்த கையோடு நிலத்தையும் நீரையும் ஆராய்ந்தார்கள். கொசுவை யாரும் சந்தேகிக்கவில்லை. ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-இல்தான்.

முறைக்காய்ச்சல் எனப்படும் மலேரியா கண்டவர் படும் பாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் பல் கிட்டும். இரண்டு கம்பளி போர்த்தி, மேலே ஆள் அமுக்கிப் பிடித்தாலும் நடுக்கம் நிற்காது. பிறகு உடம்பு கொதிக்கும். கடைசியில் வேர்த்துக் கொட்டி அடங்கும். மறுநாள் மனிதர் எழுந்து வயலுக்குப் போவார். அதற்கடுத்த நாள் அநேகமாக அதே நேரத்துக்குத் திரும்பவும் பாயில் விழுவார். மாதக்கணக்கில் இப்படி அடிபட்ட பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தால், வீங்கிய மண்ணீரல் கெட்டியாகத் தட்டுப்படும். காய்ச்சல்கட்டி என்பார்கள். சங்கரன்கோவில் கோயிலில் இன்றும் நோய் தீர வேண்டி வாங்கிப்போகும் புற்றுமண்தான் அன்று பல வீடுகளில் முதல் துணையாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது? கிருமி சிவப்பணுவுக்குள் பெருகி, ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அப்போது சிதறுகிற கழிவைக் கண்டதும் வெள்ளையணுக்கள் டி.என்.எஃப் போன்ற வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. காய்ச்சலை மூட்டுவது இவைதான். கிருமியை அடக்க இவை கட்டாயம் வேண்டும். ஆனால் அளவு மீறினால் உடம்பே உடம்பைச் சுடும். கிருமி தங்கிய சிவப்பணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் ஒட்டி அடைக்கும்போது, இந்த அழற்சியும் சேர்ந்துகொண்டு நோயாளியை நினைவிழக்கச் செய்கிறது.

இதற்கு எதிராக இன்டர்லூக்கின்-10 என்ற அடக்கியை உடம்பு வைத்திருக்கிறது. தாக்கச் சொல்லும் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கிற டி அணுக்களில் பலவும், போதும் என்று சொல்லும் இன்டர்லூக்கின்-10ஐயும் தாமே சுரக்கின்றன. சாட்டையும் மூக்கணாங்கயிறும் ஒரே வண்டிக்காரர் கையில் இருப்பதுபோல. 1999-இல் வெளியான ஆய்வொன்றில், இந்த அடக்கி இல்லாமல் பிறந்த எலிகளுக்கு மலேரியாவைத் தொற்ற வைத்தார்கள். மற்ற எலிகளைவிடக் கிருமி கூடிவிடவில்லை. ஆனாலும் அவை கடுமையாக நோயுற்றன, பல செத்தன.

அப்படியானால் டி.என்.எஃப்-ஐ மருந்து கொடுத்து முடக்கிவிட்டால் ஆயிற்றே? காம்பியா நாட்டில் மூளை மலேரியா கண்ட 610 குழந்தைகளிடம் அதைத்தான் சோதித்தார்கள். 1996-இல் முடிவு வந்தது. காய்ச்சல் சீக்கிரம் தணிந்தது. ஆனால் சாவு குறையவில்லை. பிழைத்த பிள்ளைகளிடம் நரம்புக் கோளாறுகள் கூடின. எந்த நேரத்தில், எவ்வளவு அடக்குவது என்பது உடம்புக்குத்தான் தெரியும். அதுவும் பழகித்தான் தெரியும்.

இந்தப் பழக்கத்தை இந்திய மண்ணிலேயே பதிவு செய்தவர் எஸ்.ஆர். கிறிஸ்டோஃபர்ஸ். கிண்டி கிங் நிலையத்தின் முதல் தலைவராக இருந்தவர். 1924-இல் வெளியிட்ட ஆய்வில், மலேரியா ஓயாத சிங்பூம் பகுதியில் கைக்குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி மண்டிக் கிடப்பதையும், வயது ஏற ஏற அது குறைவதையும் எண்ணிக் காட்டினார். இப்படிப்பட்ட ஊர்களில் பெரியவர்கள் ரத்தத்தில் கொஞ்சம் கிருமியோடே காய்ச்சலின்றி நடமாடுவார்கள். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை குழந்தைகளின் உயிர். இதை எதிர்ப்புச் சக்தி என்று பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சங்கரன்கோவில் சுற்றுப்புறம் அப்படிப்பட்ட ஊர் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழை மறைவில், குளத்துத் தண்ணீரை நம்பிக் கிடக்கும் காய்ந்த சமவெளி. இத்தகைய பூமியில் கொசு பல வருஷம் ஒடுங்கியிருந்து திடீரென்று ஒரு வருஷம் பெருகும்போது, குழந்தைக்கும் பெரியவருக்கும் வித்தியாசமில்லை. எல்லா உடம்புக்கும் அதுவே முதல் போர். 1811-இல் ஊரே படுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு. பசியும் கூட நின்றிருக்கும். 1908-இன் பஞ்சாப் காய்ச்சலை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர்ஸ், மழையோடு தானிய விலை ஏற்றத்தையும் சேர்த்தே சாவுக்குக் காரணம் காட்டினார்.

இதே கொடுமை இலங்கையில் 1934 இறுதியில் திரும்ப நடந்தது. பருவமழை பொய்த்து, ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாயின. கொசு அங்கே பெருகியது. எப்போதும் மலேரியா இருந்த வறண்ட மண்டலத்தைவிட, அதை அதிகம் அறியாத கேகாலை போன்ற ஈரமண்டலத்து மாவட்டங்களே பெரிதும் அடிவாங்கின. சுமார் 80,000 பேர் மாண்டார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்ட வேலைக்குக் கடல் கடந்த குடும்பங்களும் அப்போது அந்தத் தீவில்தான் இருந்தன. அவர்கள் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)