சேர்வராயன் மலையும் துப்பாக்கி உரிமமும்

காப்பிக் கொட்டை விளையும் மலைகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள குடகு. மற்றொன்று சேலத்தின் தலைமேல் நிற்கும் சேர்வராயன் மலை. இரண்டிலும் மிளகுக்கொடி படர்ந்த நிழல்மரங்கள், இரவில் தோட்டத்தில் இறங்கும் காட்டுப்பன்றிகள், ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் வீடுகள். ஆயினும் குடகின் கொடவர் ஒருவர் தம் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெற வேண்டியதில்லை. ஏற்காட்டுப் பழங்குடி உழவர் ஒருவரோ பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்றை உரிமமின்றிப் பரணில் வைத்திருந்தாலும் சிறை செல்ல நேரும். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடினால், நம் நாட்டின் படைக்கலச் சட்டங்கள் துப்பாக்கியைப் பற்றிக் கவலைப்பட்டதைவிட அதைப் பிடிக்கும் கை யாருடையது என்பதைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டன என்பது தெரியவரும்.

சேலமும் பாராமகாலும் 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறின. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிருவாகத்தை ஏற்றார். தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களுள் ஒருவர். வரி வசூலிக்க வந்தவர்கள் கண்டது ஆயுதம் தாங்கிய நாட்டுப்புறத்தை. மைசூர் அரசின் கீழ் ஊர்க்காவலும் போர்ப்பணியும் செய்துவந்த கந்தாச்சார் வீரர்களும், பாளையக்காரர்களின் ஆட்களும் வேலும் துப்பாக்கியும் வைத்திருந்தனர். உழவனும் படைவீரனும் ஒருவனாகவே இருந்த காலம் அது.

அக்காலத்துக்குத் தென்னாட்டில் முற்றுப்புள்ளி வைத்தது 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களுக்குள் வந்த ஆணை இது. பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. அவர்களும் அவர்தம் குடிகளும் படைக்கலம் தாங்குவது தடுக்கப்பட்டது. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி எழுதுவோர் பலர் 1857ஆம் ஆண்டுப் புரட்சியிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். தமிழகத்தைப் பொறுத்தவரை அது அரை நூற்றாண்டு பிந்திய தொடக்கம் என்பதே நம் கருத்து.

அதே சென்னை மாகாணத்தின் மேற்குக் கரையில் இன்னொரு முன்னோட்டமும் நடந்தது. மலபாரில் மாப்பிள்ளை முஸ்லிம் குடியானவர்கள் அடுத்தடுத்துக் கிளர்ந்தபோது, 1854இல் ‘மாப்பிள்ளைப் போர்க்கத்திச் சட்டம்’ பிறந்தது. ஒரு சமுதாயத்தின் பெயரையே தலைப்பில் சுமந்த ஆயுதச் சட்டம் அது. மலபார் கலெக்டர் கனோலி ஊர் ஊராகச் சென்று 7,000க்கும் மேற்பட்ட கத்திகளைப் பறிமுதல் செய்தார். 1855 செப்டம்பரில் அவர் தம் இல்லத்திலேயே மாப்பிள்ளைகள் சிலரால் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலவுடைமையிலும் குத்தகையிலும் இருந்த நோயைக் கத்தியில் தேடிய ஆட்சி, 1921 வரை அந்நோயைத் தீர்க்கவில்லை.

இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் சேர்வராயன் மலையில் வேறொரு சமூகம் உருவாகிக்கொண்டிருந்தது. சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் இம்மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தார். (யமனின் மொக்கா துறையிலிருந்து காப்பி விதையைச் சிக்மகளூர் மலைக்குக் கொணர்ந்தவர் சூஃபி ஞானி பாபா புதன் என்ற மரபுச் செய்தியை வாசகர்கள் அறிவர். அவ்விதையின் வழிவந்த செடிகள் பின்னாளில் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வேலியும் காவலும் தேட வைத்தன.) காக்பர்னின் பெயரோடு இணைந்த கிரேஞ்ச் மாளிகை 1857இல் அரண் செய்யப்பட்டு, பீரங்கிகள் ஏற்றப்பட்டு, வெள்ளையர் குடும்பங்களுக்குப் புகலிடமாக ஆயத்தமாக்கப்பட்டது என்று சொல்வர். புரட்சி இம்மலைக்கு வரவில்லை. அச்சம் மட்டும் வந்தது.

அந்த அச்சமே சட்டமாயிற்று. 1857லும் 1860லும் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டங்களைத் தொடர்ந்து, வைசிராய் லிட்டன் பிரபு 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில், அதே வைசிராயின் காலத்தில் வந்ததே. ஆயுதச் சட்டத்தின் கொடுமை உரிமம் கேட்டதில் இல்லை; யாரிடம் கேட்கவில்லை என்பதில் இருந்தது. அதன் விதிகளின்படி ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் முதலானோர்க்கு உரிமம் தேவையில்லை. ஏற்காட்டின் வெள்ளைத் தோட்டக்காரர் தம் பங்களாச் சுவரில் துப்பாக்கிகளை மாட்டிவைக்கலாம். அவருக்குப் பல தலைமுறை முன்பே அம்மலையில் தினையும் சாமையும் விதைத்த குடியானவர் கலெக்டருக்கு மனுப்போட வேண்டும்.

அக்குடியானவர்களை ‘மலையாளிகள்’ என்பர். கேரளத்தாரோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது. மலையில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர் இவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பியர் மூவருள் மூத்தவர் வழியினர் சேர்வராயனிலும், ஏனையோர் வழியினர் பச்சைமலை, கொல்லிமலைகளிலும் குடியேறினர் என்பது இவர்தம் வாய்மொழி வரலாறு. வேட்டை இவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. விளைச்சலைக் காக்கும் வேலையின் ஒரு பகுதியும், திருவிழாவின் ஒரு சடங்குமாக அது இருந்தது.

குடகின் கதை இதற்கு நேர்மாறு. 1861இல் ஆணையர் மார்க் கப்பன், 1857இல் குடகர் காட்டிய விசுவாசத்தை மெச்சி, ஆயுதப் பறிப்பிலிருந்து அவர்களுக்கு விலக்களித்தார். அவ்விலக்கு கொடவர்க்கும், ஜம்மா என்னும் நிலமுறையில் நிலம் வைத்திருப்போர்க்கும் இன்றளவும் நீடிக்கிறது. 2019இல் மத்திய உள்துறை அமைச்சகம் அதனை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021இல் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கொடவரின் வாழ்வில் துப்பாக்கி ஒரு பண்பாட்டுச் சின்னம் என்ற வாதத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவ்விலக்கின் வேரில் இருப்பது பண்பாடு அன்று, நன்றிக்கடன்.

1878ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த குரல்களுள் மிக முந்தியவற்றுள் ஒன்று நம் சென்னையிலேயே எழுந்தது. 1887 டிசம்பரில் மக்கீஸ் தோட்டத்தில் கூடிய காங்கிரஸின் மூன்றாம் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பம்பாய் வழக்கறிஞர் பத்ருத்தீன் தியாப்ஜி. காங்கிரஸின் முதல் முஸ்லிம் தலைவர். அங்கு ஆயுதச் சட்டத்தின் கெடுபிடிகளைத் தளர்த்தக் கோரும் தீர்மானம் நிறைவேறியது. முப்பது வயதை எட்டாத விபின் சந்திர பால் அச்சட்டத்தின் பாகுபாட்டைச் சாடிப் பேசினார். அடுத்த முப்பது ஆண்டுகளிலும் இக்கோரிக்கை ஓயவில்லை. முதல் உலகப்போரில் இந்தியச் சிப்பாய்கள் ஐரோப்பிய மண்ணில் துப்பாக்கி ஏந்தி மடிந்த பின்னர், 1919-20 அளவில் விதிகள் திருத்தப்பட்டு இனவழி விலக்கு நீங்கிற்று.

1931இல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்துக்கொள்வதைக் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. ஆனால் விடுதலைக்குப்பின் அரசியலமைப்பு நிர்ணய சபையில், 1948 டிசம்பரில், எச். வி. காமத் அவ்வுரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொணர்ந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எவர்க்கும் மறுக்கவொண்ணாத உரிமையாக அதனை ஆக்குவது நாட்டு நலனுக்கு உகந்ததன்று என்பது அவர் நிலை. பிரிவினைக் குருதி காயாத அந்நாளில் அம்முடிவு சரியானதே.

உரிமையாக இல்லாவிடினும், நேர்மையான ஓர் உரிமமுறை 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தில் கிடைத்தது. 1962 அக்டோபர் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 13ஆம் பிரிவு, குடிமகன் ஒருவர் மெய்யாகவே பயிர்க்காவலுக்காகக் குழல்வாயில் மருந்திடும் துப்பாக்கியைக் கேட்டால், சட்டம் சொல்லும் தடைகள் இல்லாதவிடத்து உரிமம் வழங்கப்பட வேண்டும் என்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழலுடைய துப்பாக்கியைத் தற்காப்புக்குக் கேட்பவர்க்கும் அவ்வாறே. கைத்துப்பாக்கி முதலிய பிறவற்றுக்குத்தான் தக்க காரணம் காட்டவேண்டும். 14ஆம் பிரிவில் ஒரு சிறு வரி உண்டு. சட்டநூல்களில் அதிகம் பேசப்படாதது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவர்க்கும் உரிமம் மறுக்கலாகாது என்பது அது. இன்னார் என்று பாராமல் என்ன தேவை என்று பார்க்கும் சட்டத்தை, 1801 முதற்கொண்டு எண்ணினால், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகே இம்மண் கண்டது.

நடைமுறையில் அவ்வரிக்கு என்ன ஆயிற்று? சேர்வராயனில் உரிமம் கேட்பவர் சேலம் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறையின் அறிக்கை வரவேண்டும், வருவாய்த்துறையும் விசாரிக்கும். 2016ஆம் ஆண்டு விதிகள் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும், வீட்டில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டையும் வலியுறுத்துகின்றன. இவை தேவையானவையே. ஆனால் நிலப்பட்டா கையில் உள்ள தோட்ட முதலாளிக்கு இவை சில அலுவலகப் படிகள்; வனஉரிமை ஆவணத்துக்கே அலையும் பழங்குடியினர்க்கோ ஏறமுடியாத மலை. அதனாலேயே பரணில் ஒளித்த கள்ளத் துப்பாக்கி நீடிக்கிறது. கருமருந்தை இடித்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டுச் சுடும் ஒற்றைக்குழல் அது. தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலையூர்களில் காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது. மறுநாள் காலையில் கோயில் வாசலிலோ சாலையோரத்திலோ பெயரற்ற துப்பாக்கிகள் சில கிடக்கும்.

உரிமம் பெற்றவர்க்கும் முழு விடுதலை இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பயிர்க்காவல் துப்பாக்கி வெடியோசை எழுப்பத்தான் பெரிதும் உதவும். தோட்டத்தில் இறங்கும் காட்டெருமையைச் சுடுவது கடுங்குற்றம். காட்டுப்பன்றிகளைப் பற்றித் தமிழக அரசு 2025 ஜனவரியில் எடுத்த முடிவும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம் என்பதுதான். ஆக, ஒரு சட்டம் பயிர்க்காவலுக்கென்று துப்பாக்கி தருகிறது. இன்னொரு சட்டம் அதன் குறியை மறைக்கிறது. தேர்தல் அறிவிக்கப்பட்டால் அத்துப்பாக்கியும் காவல் நிலையத்துக்குப் போய்விடும்.

நாட்டளவில் பார்த்தால் உரிமத்தின் பெருக்கம் பயிரோடு தொடர்புடையதன்று. 2016 இறுதியில் இந்தியாவில் இருந்த ஏறத்தாழ 33.7 இலட்சம் உரிமங்களுள் 12.77 இலட்சம் உத்தரப்பிரதேசத்தில் இருந்தன. தமிழகத்தில் 22,500 அளவுதான். உழவுநிலத்தின் பரப்போ பன்றியின் தொல்லையோ இந்த இடைவெளியை விளக்கா. வடக்கில் துப்பாக்கி தோளில் தொங்கும் பட்டயம். சாதிச் செல்வாக்கும் அரசியல் தொடர்பும் அதில் தெரியும். ஜம்மு காஷ்மீரில் 2012க்கும் 2016க்கும் இடையே இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டனவென மத்தியப் புலனாய்வுத்துறை விசாரித்த வழக்கு, உரிமம் சந்தைப்பொருளாவதையும் காட்டிற்று. இதற்குக் கடிவாளமாகவே 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியதும் அதே திருத்தம்தான்.

தேவை தானே பெருகுவது ஒருபுறம். அரசே ஒரு சாராரை அழைத்து உரிமம் தர முன்வருவது மறுபுறம். 2025 மே 28ஆம் நாள் அஸ்ஸாம் அமைச்சரவை அவ்வாறு ஒரு முடிவெடுத்தது. எளிதில் பாதிக்கப்படக்கூடிய, தொலைதூரப் பகுதிகளில் வாழும் ‘பூர்வகுடி’ மக்கள் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் பெற வழிசெய்யப்படும் என்று முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மா அறிவித்தார். துப்ரி, நகாவ்ன், மோரிகாவ்ன், பார்பேட்டா, தெற்கு சல்மாரா-மாங்காசார் முதலிய மாவட்டங்கள் குறிப்பிடப்பட்டன. இவற்றுள் பல முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் விண்ணப்பம் பெறும் இணையவாயிலும் திறக்கப்பட்டது. அஸ்ஸாமில் யார் பூர்வகுடி, யார் வந்தேறி என்பது பல்லாண்டு காலமாகக் குருதி சிந்தவைத்த வினா என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1983இல் நெல்லியில் கொல்லப்பட்டோர் தொகை அரசுக் கணக்கிலேயே 2,000ஐ ஒட்டியது. நெல்லி அன்று நகாவ்ன் மாவட்டத்தில் இருந்தது. இன்று மோரிகாவ்னில் இருக்கிறது.

அம்மாவட்டங்களிலும் உரிமம் வழங்கப்பட வேண்டியது 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே. சேர்வராயன் மலையின் உழவருக்குச் சொத்தின்மையைக் காட்டி உரிமம் மறுக்கலாகாது என்று சொன்ன அதே சட்டம் அது. ‘பூர்வகுடி’ என்ற சொல் அதன் எந்தப் பிரிவிலும் இல்லை.