தோட்டத்துக்கு அஞ்சிய அரசு

'கிண்டர்கார்டன்' என்னும் ஜேர்மன் சொல்லுக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்பது பொருளென ஆசிரிய கலாசாலைகளில் நாம் படித்திருக்கிறோம். குழந்தைகளைச் செடிகளென்றும் ஆசிரியரைத் தோட்டக்காரரென்றும் வருணிக்கும் மேடைப் பேச்சுக்களைக் கேட்டுச் சலித்துமிருக்கிறோம். ஆனால், அது வெறும் உருவகமன்று. மண்ணும் பாத்தியும் கொண்ட மெய்யான தோட்டமொன்று அங்கே இருந்தது. அதை நடத்திய பள்ளிக்கு ஓர் அரசு அஞ்சிற்று என்பதும் வரலாறு.

பிரெடரிக் புரோபெல் 1782இல் துரிங்கியாவில் ஒரு பாதிரியாரின் மகனாய்ப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். இளமையில் வனத் தொழில் பயின்றார். 1837இல் பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரில் சிறுவர்க்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார்.

அவர் வகுத்த தோட்டத்தின் அமைப்பை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி உண்டு; அதில் அப்பிள்ளையின் பெயர் இருக்கும். அங்கே எதை நடுவது என்பதை அப்பிள்ளையே தீர்மானிக்கும். நீரூற்ற மறந்தால் செடி வாடும்; அதையும் அப்பிள்ளையே காணும். இத்தனிப் பாத்திகளைச் சூழ்ந்து பொதுப் பாத்திகள் இருந்தன. தானியம், காய்கறி, பூச்செடி ஆகியன அங்கே எல்லாருடைய உழைப்பாலும் வளர்ந்தன. தனக்குரியதும் ஊருக்குரியதும் ஒரே வேலிக்குள்! வித்தியாதரிசி வருகிறார் என்றதும் அவசர அவசரமாகப் பசுமை பெற்ற தோட்டங்களை எமது நாட்டிலும் ஒருகாலத்திற் கண்டோம். அவற்றிற் பிள்ளைகள் கூலியில்லாத வேலையாட்களே; புரோபெலின் தோட்டத்திலோ அவர்கள் உரிமையாளர்கள்.

1848இல் ஜேர்மன் நாடுகளெங்கும் புரட்சி மூண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் ருடோல்ஸ்ராட் நகரில் ஆசிரியர் மாநாடொன்றைக் கூட்டிய புரோபெல், தமது முறையை அங்கே எடுத்துரைத்தார். புரட்சி நசுக்கப்பட்டதும் பிற்போக்கு தலைதூக்கிற்று. 1851 ஓகஸ்டில் பிரஷ்யாவின் கல்வி அமைச்சர் கார்ல் ஒற்றோ பொன் ரௌமர் பாலர் தோட்டங்களைத் தடைசெய்தார். இவை சமதர்மத் திட்டத்தின் ஒரு பகுதி, இளைஞரை நாத்திகராக்குவன என்பது குற்றச்சாட்டு. புரோபெலோ ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை உடையவர், சமதர்மவாதியுமல்லர். அவருடைய சகோதரரின் மகன் கார்ல் புரோபெல் பெண்களின் உயர்கல்வி பற்றியும் பாலர் தோட்டங்கள் பற்றியும் எழுதிய நூலை அமைச்சர் இவருடையதென மயங்கிவிட்டார் என்று பலரும் எழுதுவர்.

வெறும் பெயர் மயக்கந்தானா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. தவறு எடுத்துக்காட்டப்பட்ட பின்னும் தடை நீங்கவில்லை. 1854இல் அதே அமைச்சரின் காலத்தில் வெளிவந்த கல்வி விதிகள், ஆரம்பப் பாடசாலையை மதபோதனை, வாசிப்பு, எழுத்து, சிறிது கணக்கு, பாட்டு என்ற எல்லைக்குள் அடக்கின. ஆசிரியர் கற்கவேண்டியனவும் குறுக்கப்பட்டன. கீழ்ப்படிவை வேண்டிய அரசுக்கு, எதை விதைப்பதென்று தானே தீர்மானிக்கும் ஐந்து வயதுப் பிள்ளை உவப்பானதாய் இருக்க நியாயமில்லை. ஆளைத்தான் மாற்றி அறிந்தார்களேயன்றி, ஆபத்தைச் சரியாகவே மோப்பம் பிடித்தார்கள்.

1852 யூனில் புரோபெல் காலமானார். மாரென்ஹோல்ற்ஸ்-பூலோ சீமாட்டி முதலியோரின் இடையறாத முயற்சியால் 1860இல் தடை நீங்கிற்று. அதற்கிடையில் தோட்டம் கடல் கடந்துவிட்டது. 1848 புரட்சியிற் பங்குகொண்டு நாட்டைவிட்டுத் தப்பியோடிய கார்ல் ஷூர்ஸின் மனைவி மார்கரெதே, 1856இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், வோற்றர்ரவுண் என்னும் ஊரில், ஒரு பாலர் தோட்டத்தைத் தொடங்கினார்.

ஆனால், பரவியபோது யாது பரவிற்று? புரோபெல் ஆக்கிய பந்துகளும் மரக்கட்டைகளும் பெட்டிகளில் அடங்கி எந்நகருக்கும் சென்றன. பாத்திக்கு நிலம் வேண்டும். தொழிற்சாலை நகரங்களில் ஏழைப் பிள்ளைக்கு நிலத்துக்கு எங்கே போவது? 1869இல் ஒஸ்திரியா இயற்றிய பாடசாலைச் சட்டம், கிராமங்களில் இயன்றவரை ஆசிரியருக்கு ஒரு தோட்டமும் பயிர்ச் சோதனைக்கு ஒரு நிலமும் அமைக்குமாறு பணித்தது. பிள்ளையின் பெயர் தாங்கிய பாத்திக்கு அவ்விதியில் இடமிருக்கவில்லை.