ஒரே நாளில் திறக்கப்பட்ட இரு பேஸ்பால் மைதானங்கள்

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அமெரிக்காவின் இரு நகரங்களில் இரண்டு பேஸ்பால் மைதானங்கள் திறக்கப்பட்டன. ஒன்று பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க். மற்றொன்று டெட்ராய்ட் நகரின் நேவின் ஃபீல்டு. பின்னாளில் டைகர் ஸ்டேடியம் என்று பெயர் பெற்றது இதுவே. முன்னது இன்றும் ஆட்டங்கள் நடக்கும் மைதானமாக நிற்கிறது. பின்னது 2009இல் முற்றிலும் இடிக்கப்பட்டுவிட்டது. தம் ஊர் மைதானத்தின் மீது மக்கள் கொண்ட அன்பு எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை இவ்விரண்டின் வரலாறும் சேர்ந்து காட்டுகின்றன.

பேஸ்பாலும் ஊர் மைதானமும்

கிரிக்கெட்டை அறிந்த நமக்குப் பேஸ்பாலின் அடிப்படை எளிதில் விளங்கும். எறிபவர் பந்தை எறிகிறார். மட்டையாளர் அதை அடித்துவிட்டு நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். தளங்களுக்கு இடையே 90 அடி, எறியும் இடத்திலிருந்து மட்டையாளர் நிற்கும் இடத்திற்கு 60 அடி 6 அங்குலம் என்பவை எல்லா ஊரிலும் ஒன்றே. ஆனால் மைதானத்தின் எல்லைச்சுவர் எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் ஒரே அளவாக வகுக்கப்படவில்லை. பழைய மைதானங்கள் நகரத் தெருக்களுக்கு நடுவே கிடைத்த நிலத்தில் எழுந்தவை. எனவே தெரு எப்படி வளைந்ததோ அப்படியே மைதானமும் வளைந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் பாதி, அதாவது 81 ஆட்டங்கள், சொந்த ஊரில் நடக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழாவாக இல்லாமல், வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை மாலைதோறும் போய் உட்காரக்கூடிய இடமாக மைதானம் அமைகிறது. தாத்தா அமர்ந்த வரிசையிலேயே பேரனும் அமர முடிகிறது.

பாஸ்டன்: பச்சைச் சுவரின் நிழலில்

ஃபென்வே பார்க்கின் முதல் ஆட்டம் மழையால் தள்ளிப்போனது. டைட்டானிக் கப்பல் மூழ்கிய செய்தி நாளிதழ்களை நிரப்பியிருந்த வாரம் அது. முதல் ஆட்டத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி நியூயார்க் அணியை 11 இன்னிங்ஸில் 7-6 என்று வென்றது.

இடப்பக்கம் லான்ஸ்டவுன் தெரு நெருங்கி வந்ததால் அங்கே ஆடுகளம் குறுகிப்போனது. அதை ஈடுசெய்யும் உயர்ந்த சுவரே இன்று ‘பச்சை அரக்கன்’ என்று புகழ்பெற்றுள்ளது. அதன் உயரம் 37 அடி 2 அங்குலம். முன்பு விளம்பரங்களால் நிறைந்திருந்த சுவருக்கு 1947இல் பச்சை வண்ணம் பூசப்பட்டது. வேறு மைதானத்தில் எளிய பிடியாகும் பந்து இங்கே சுவரில் மோதித் திரும்பும். வேறிடத்தில் ஹோம் ரன் ஆகும் தாழ்வான அடி இங்கே தடுக்கப்படும். பந்து எப்படித் திரும்பும் என்பதைக் கணிப்பதே பாஸ்டன் பார்வையாளருக்குத் தனி இன்பம். சுவரின் அடியில் உள்ள பலகையில் உள்ளிருந்து ஆட்கள் கையால் எண்களை மாற்றுகிறார்கள்.

வலப்பக்கத்துப் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒரே ஓர் இருக்கை மட்டும் சிவப்பு. 1946 ஜூன் 9இல் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி கடந்து விழுந்த இடம் அது.

கூட்டம் எப்போதும் நிறைந்திருந்தது என்று எண்ண வேண்டாம். 1960இல் வில்லியம்ஸ் தம் கடைசி முறை மட்டை பிடித்து ஹோம் ரன் அடித்தபோது அரங்கில் இருந்தவர்கள் 10,454 பேர் மட்டுமே. 1918க்குப் பின் 86 ஆண்டுகள் அந்த அணி உலகத் தொடரை வெல்லவில்லை. 2004இல் வென்றபோது, பலர் அணியின் கொடிகளையும் தொப்பிகளையும் கொண்டுபோய்த் தம் தந்தையர், தாத்தாக்களின் கல்லறைகளில் வைத்தார்கள்.

டெட்ராய்ட்: மிச்சிகன், டிரம்புல் சந்திப்பு

டெட்ராய்ட்டிலும் முதல் ஆட்டம் மழையால் தள்ளிப்போய் அதே ஏப்ரல் 20இல் நடந்தது. அதுவும் 11 இன்னிங்ஸ். டைகர்ஸ் அணி கிளீவ்லாந்தை 6-5 என்று வென்றது. மிச்சிகன், டிரம்புல் சாலைகள் சந்திக்கும் அந்த மூலையில் 1896 முதலே பேஸ்பால் ஆடப்பட்டு வந்தது.

இங்கே ஆடுகளத்தின் நடுப்பகுதி 440 அடி ஆழமுள்ளதாக இருந்தது. 125 அடி உயரக் கொடிக்கம்பம் ஒன்று எல்லைக்குள்ளேயே நின்றது. வலப்பக்க மேல்தளம் களத்தின் மீது நீட்டிக்கொண்டிருந்ததால், கீழே ஆட்டக்காரர் பிடிக்கக் காத்திருக்கும் பந்து மேலே இருப்பவர் மடியில் விழுவதும் உண்டு. மேல்தளம் களத்திற்கு மிக அருகில் இருந்ததே ரசிகர்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. மலிவான இருக்கையிலிருந்தும் ஆட்டத்தை நெருங்கிப் பார்க்க முடிந்தது.

1967 ஜூலையில் டெட்ராய்ட்டில் நடந்த கலவரத்தில் 43 பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டு டைகர்ஸ் உலகத் தொடரை வென்றபோது, பிளவுபட்ட ஊர் ஒன்றாகக் கொண்டாடியதை அந்நகரத்தார் நெடுங்காலம் நினைவுகூர்ந்தனர்.

எல்லோருக்குமான இடமா?

அன்பின் வரலாற்றை மட்டும் எழுதினால் பாதி வரலாறுதான் கிடைக்கும். 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் ஃபென்வே பார்க்கில் தகுதிச் சோதனைக்கு வந்தார். பாஸ்டன் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் புரூக்ளின் அணியில் ஆடி நிறத்தடையை உடைத்தவர் அவரே. அன்றிருந்த 16 பெரிய அணிகளில் கறுப்பின ஆட்டக்காரரைக் கடைசியாகச் சேர்த்த இரண்டு அணிகள் டெட்ராய்ட்டும் (1958) பாஸ்டனும் (1959) ஆகும். ரெட் சாக்ஸின் அன்றைய உரிமையாளர் பெயரால் அழைக்கப்பட்ட மைதானத் தெருவுக்கு 2018இல் ஜெர்சி தெரு என்ற பழைய பெயரே மீண்டும் சூட்டப்பட்டது.

காப்பாற்றும் போராட்டம்

பார்வையை மறைக்கும் தூண்கள், குறுகிய இருக்கைகள், வருமானம் தரும் சொகுசு அறைகள் இல்லாமை ஆகிய குறைகள் இரு மைதானங்களுக்கும் பொதுவானவை.

டெட்ராய்ட் ரசிகர்கள் 1987இல் சங்கம் அமைத்தனர். 1988 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைகோத்து மைதானத்தைச் சுற்றி நின்று அதை அணைத்துக்கொண்டனர். செப்பனிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று திட்டமும் வகுத்துக் கொடுத்தனர். தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிலும் 1989இல் மைதானம் இடம்பெற்றது. ஆயினும் 1999 செப்டம்பர் 27இல் கடைசி ஆட்டம் நடந்தது. அணி புதிய அரங்குக்குச் சென்றுவிட்டது. பழைய மைதானம் 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடிக்கப்பட்டது.

பாஸ்டனிலும் 1999இல், பழைய மைதானத்தின் அருகிலேயே புதியது கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அங்கும் குடிமக்கள் எதிர்த்தனர். வேறுபாடு எங்கே என்றால், 2002இல் அணியை வாங்கிய புதிய உரிமையாளர்கள் இடிக்காமல் புதுப்பிக்க முடிவு செய்தனர். 2003இல் பச்சைச் சுவரின் உச்சியிலேயே இருக்கைகள் அமைக்கப்பட்டன. குறையாகத் தெரிந்த பழமையே வருமானமாகவும் ஆயிற்று: 2003 முதல் 2013 வரை தொடர்ந்து 820 ஆட்டங்களுக்கு எல்லா இருக்கைகளும் விற்றுத் தீர்ந்தன.

ஆக, பதிவேட்டில் பெயர் ஏறுவது மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பதில்லை. மக்களின் விருப்பம், உரிமையாளரின் மனம், பயன்படுத்தும் வழி ஆகிய மூன்றும் சேர வேண்டும். டெட்ராய்ட்டில் முதலாவது இருந்தது, மற்றவை சேரவில்லை.

இன்று

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்து மூவர் இறந்தனர். அதன்பின் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம் ஏப்ரல் 20 அன்று நடந்தது. மைதானம் திறந்து அன்றோடு 101 ஆண்டுகள். துயரத்தில் இருந்த ஊர் கூடுவதற்கு ஏற்கெனவே பழகிய ஓர் இடம் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 1918க்குப் பின் முதன்முறையாகச் சொந்த மண்ணிலேயே அணி உலகத் தொடரை வென்றது.

டெட்ராய்ட்டில் இடிபாடுகள் அகற்றப்பட்ட பின் களம் புதர் மண்டியது. 2010 முதல் ரசிகர்கள் சிலர் தாமாகவே புல்வெட்டும் கருவிகளுடன் வந்து களத்தைச் சீர்செய்தனர். அரங்கும் இருக்கைகளும் இல்லாத அந்த இடத்தில் பெற்றோர் பிள்ளைகளுக்குப் பந்து எறிந்து காட்டினர். 2018இல் அங்கே இளைஞர்களுக்கான விளையாட்டு மைதானம் திறக்கப்பட்டது. மிச்சிகன், டிரம்புல் மூலையில் இன்று சிறுவர்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள்.