எழுத்து விழுந்த கட்டை

எங்கள் வீட்டில் விறகுக்கு ஒரு சட்டம் உண்டு. அப்பா கண்ணில் படாமல் எந்தக் கட்டையும் அடுப்புக்குப் போகக் கூடாது. போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் நாங்கள் குடியிருந்த தகரக் கூரை வீட்டின் பின்புறம், சாக்கடை ஓரமாக, பப்பிதா, தூப், மாமரம் என்று துண்டு துண்டாக மழையில் கிடக்கும். பாசி பிடித்து, காளான் முளைத்து, தொடவே மனசு வராது. "இந்த உளுத்துப்போன சனியனுகளை என்னத்துக்குப் போட்டு வச்சிருக்கீக?" என்று அம்மா சத்தம் போட்டால், அப்பா ஒன்றைத் தூக்கி மோந்து பார்ப்பார். நகத்தால் அழுத்திப் பார்ப்பார். மறுபடி அதே இடத்தில் போடுவார். "இன்னும் எழுத்து விழலை. கிடக்கட்டும்."

அந்த எழுத்தை எனக்கு ஏழு வயதில் காட்டினார். ரம்பத்தால் பாளமாக அறுத்த பப்பிதா கட்டை. வெளுத்த மரத்தின் மேல் பேனா மையால் இழுத்ததுபோல மெல்லிய கருங்கோடுகள். சில ஓடிப்போய் வளைந்து தம்மையே தொட்டு மூடிக்கொண்டிருந்தன. சில பாதியில் நின்றிருந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கம் சந்தன நிறம், அந்தப் பக்கம் சாம்பல். எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்ததும் எல்லாம் ஒருசேர எழுந்து வந்தது. "வாசி பாப்போம், ஏளா" என்றார். நான் விரலை வைத்து நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். மரச்சொப்பு கடையும் குடும்பம். மஞ்சள்கடம்புக் கட்டையைக் கடைந்து, அது சுழலும்போதே அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி நிறம் பிடித்துக்கொள்ளும். குட்டி இட்லிப் பானை, அம்மி, திருகை, குடம் என்று பெண் குழந்தைகள் விளையாடும் முழுச் சமையலறையும் அந்தப் பட்டறையிலிருந்து வரும். தயிர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலேயே விளங்கிவிட்டது, ஏனென்றால் அந்தக் கயிறு என் கையில் இருந்தது. கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிய கயிற்றின் முனைகளை மாற்றி மாற்றி இழுத்தால் கட்டை முன்னும் பின்னும் சுழலும், மத்து மாதிரியே. கடைபவர் பக்கமாகச் சுழலும்போது மட்டும்தான் உளி வெட்டும். திரும்பும்போது உளியை ஒரு நூல் விலக்கிக்கொள்ள வேண்டும். இழுப்பவளின் மூச்சும் கடைபவரின் கையும் ஒரு கணக்கில் போகாவிட்டால் கட்டை எகிறிவிடும். அப்பா பேசவே மாட்டார். முழங்கை அசைவை வைத்து நான் இழுப்பேன். 1974-இல் அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று வந்த பிறகும், மெல்லிய சிமிழ் கடையும்போது என்னைக் கயிறு பிடிக்கச் சொல்வார்.

1963-இல் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாள் வாந்தி எடுத்து, இங்கே வந்து இறங்கினார். கட்டட வேலைக்குத் தச்சர் வேண்டும் என்று ஆள் பிடித்த காலம். கடைசல் தெரிந்தவருக்குக் கதவு நிலை அடிக்கும் வேலை. மஞ்சள்கடம்பைத் தேடியவர் முன்னால் வேறொரு மரம் நின்றது.

படாக். இந்தத் தீவுகளின் மாநில மரமே அதுதான். நம் ஊர் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் பங்காளி, மூன்றும் ஒரே பேரினம். ஈரமாக அறுத்தால் பச்சை இறைச்சி நிறத்தில் இருக்கும். தூள் மூக்கில் ஏறினால் தும்மித் தீராது. அடிமரத்தில் சுவர்போல் விரியும் பலகை வேர்களிலிருந்து ஒட்டே இல்லாத வட்ட மேசைகளை எடுத்திருக்கிறார்கள்.

மரங்களின் பெயர்களைக் கேட்டாலே இந்த ஊரின் வரலாறு பாதி தெரிந்துவிடும். படாக், பின்மா, திங்கன் எல்லாம் பர்மாப் பேச்சிலிருந்து வந்தவை. பர்மாக் காடுகளில் பழகியவர்கள் இங்கேயும் வந்து, அங்கே தெரிந்த மரத்தின் பேரை இங்கிருந்த மரத்துக்கு வைத்தார்கள். பாதாம், தூப் இந்துஸ்தானி. இவர்களுக்கெல்லாம் முன்னால் பல்லாயிரம் ஆண்டுகளாக இந்தக் காட்டுக்குள் வாழ்ந்த மக்கள் இதே மரங்களுக்கு வைத்த பெயர்களில் பெரும்பாலானவை மர வியாபாரத்தின் பட்டியலில் ஏறவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் கைதிகள் 200 பேரோடு வந்து முதலில் முகாம் போட்டது சாத்தம் தீவில். தண்ணீர் போதாமல் ராஸ் தீவுக்குப் போய்விட்டார்கள். அந்தச் சாத்தத்தில்தான் 1883-இல் மர அறுவை ஆலை தொடங்கியது. வனத்துறை தொடங்கியதும் அதே ஆண்டு. வெட்டுவதும் இழுப்பதும் கைதிகளும் யானைகளும். கழியோரம் வரைக்கும் யானை இழுத்து வரும், அங்கிருந்து மிதவை. படாக்கோடு கனமான மற்ற மரங்கள் பச்சையில் முழுகிவிடும் என்பதால் பப்பிதா, திது போன்ற லேசான மரங்களை இடையிடையே சேர்த்துக் கட்டி மிதக்க விடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளத்தை இன்றும் ஆலை வளாகத்துக்குள் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்து வீட்டுச் சாச்சா அந்த மரக்கிடங்கில் வேலை பார்த்தவர். லோக்கல் பார்ன், அதாவது கைதிகளின் பேரப்பிள்ளை வழி. படாக்கை நிறத்தை வைத்துத்தான் ரகம் பிரிப்பார்கள் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். நல்ல சிவப்பு என்றால் முதல் ரகம்; அந்தக் காலத்தில் அது லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. அமெரிக்காவில் அதற்கு 'வெர்மிலியன்' என்றே பெயர். புல்மன் ரயில் பெட்டிகளுக்குள் அதை இழைத்தார்கள். வெளிறியிருந்தாலோ பழுப்பு ஓடியிருந்தாலோ 'நிறம் கெட்டது' என்று ஒதுக்கி மலிவாகத் தள்ளிவிடுவார்கள். இத்தனைக்கும் சில வருஷம் வெளிச்சம் பட்டால் எந்தப் படாக்கும் பழுப்புக்குத் திரும்பிவிடும். அதிலும் கீழே ஒரு வகை இருந்தது: பூசணம் பிடித்தது, கறை ஏறியது, வெடித்தது, முடிச்சு விழுந்தது. அதற்கு ரகமே கிடையாது, விறகு.

அப்பாவின் கடைசல் இந்தக் கடைசி வகையில்தான் வேர் பிடித்தது. காசு இல்லை என்பது ஒரு காரணம். கண் இருந்தது என்பது இன்னொன்று.

இந்த எழுத்து எப்படி விழுகிறது என்பதைப் பின்னால் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மரத்தின் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் பூஞ்சை குடியேறும். சில பூஞ்சைகள் மரத்தைக் கெடுப்பதில்லை, வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவையும் சர்க்கரையையும் தின்று நீலக்கறையை விட்டுச் செல்லும். சில பூஞ்சைகள் மரத்துக்கு நிறமும் கெட்டியும் தரும் பொருளையே தின்று அதை வெளுக்க வைக்கும். ஒரே கட்டையில் இரண்டு பூஞ்சை இரண்டு பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்து முட்டிக்கொண்டால், ஒன்றை ஒன்று உள்ளே விடாமல் நடுவே கறுப்பாக ஒரு தடுப்பு எழுப்பும். பாகம் பிரித்த வயலுக்கு நடுவில் வரப்புப் போடுவதுபோல. அந்த வரப்புதான் நாங்கள் எழுத்து என்று சொல்லும் கோடு. தண்ணீரில் முழுகிக் கிடந்தால் காற்று இல்லாமல் பூஞ்சை வளராது, உலர்ந்துவிட்டாலும் நின்றுவிடும். வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும், இரண்டு பருவமழையும் வந்து போகும் இந்த மண்ணில், சாக்கடை ஓரக் கட்டை ஒரே மழைக்காலத்தில் எழுதி முடித்துவிடும். இன்னொரு மழைக்காலம் விட்டால் கையில் பொடிந்துவிடும். அப்பா மோந்து பார்த்ததெல்லாம் அந்த இடைவெளியைப் பிடிக்கத்தான். நல்ல பதத்தில் மழை பெய்த மண் வாசம் வரும். பதம் தாண்டினால் புளித்துப்போன வாடை.

மரப்புழு அரித்த தடம் தற்செயலாக எழுத்துப்போல் அமைந்துவிடுவதைப் பெரியவர்கள் குணாட்சர நியாயம் என்பார்கள். அம்பாசமுத்திரத்தில் கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த அப்பாவுக்கு அது தெரிந்திருக்கலாம். 'எழுத்து' என்ற பெயர் அங்கிருந்துதான் வந்ததோ என்று அவர் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது, கேட்க முடியவில்லை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில், பூஞ்சையால் பச்சை நிறம் ஏறிய மரத்தைத் தேடி எடுத்து, மர ஓவியங்களில் இலைக்கும் புல்லுக்கும் பதித்தார்கள். அமெரிக்காவில் மெல் லிண்ட்குவிஸ்டும் அவர் மகன் மார்க்கும் பூஞ்சைக் கோடு விழுந்த கட்டைகளைக் கடைந்து, 1970களில் அதற்கென்று ஒரு மரியாதையை உண்டாக்கினார்கள். அதே வருஷங்களில் ஜங்லிகாட்டில் ஒருவர் தனியாக அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

மரியாதை இங்கே மெதுவாகத்தான் வந்தது. 1987 என்று நினைவு. மாற்றலாகிப் போகிறவர்களுக்குக் கொடுக்க ஓர் அலுவலகத்தில் நாற்பது படாக் கிண்ணம் கேட்டார்கள். அப்பா இரண்டு மாதம் உட்கார்ந்து கடைந்தார். படாக்கின் சிவந்த வயிரம் பூஞ்சைக்கு எளிதில் மசியாது, ஓரத்து வெள்ளை உடனே மசிந்துவிடும். அந்த வெள்ளையை வெட்டி எறியாமல் விளிம்பாக நிறுத்தி, நடுவில் சிவப்பு, விளிம்பில் சாம்பல், இடையே கருங்கோடு என்று பதினொரு கிண்ணம் தனியாக எடுத்திருந்தார். அவருக்கு மிகவும் பிடித்தவை அவைதான். அந்தப் பதினொன்றும் 'அழுகல் மரம்' என்று திரும்பி வந்தன. பணத்திலும் கழித்துக்கொண்டார்கள். சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

வந்த தைப்பொங்கலுக்கு அந்தப் பதினொரு கிண்ணங்களில் மஞ்சள் கிழங்கும் கரும்புத் துண்டும் வைத்து, தெருவில் பதினொரு வீட்டுக்கு என்னைக் கொடுத்துவரச் சொன்னார். சாச்சா வீடு, பெங்காலி மாமி வீடு, ராஞ்சிக் குடும்பம், தெலுங்குக்காரர், பிறகு நம் ஆட்கள். சாச்சா கிண்ணத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிடங்கில் முப்பது வருஷம் இதைத்தான் ஒதுக்கித் தள்ளினேன் என்று அவர் இந்தியில் சொன்னது என் காதில் இருக்கிறது. பெங்காலி மாமி மகள் கல்யாணத்துக்குச் சிந்தூரச் சிமிழ் கேட்டாள். பிறகு கேட்டு வருகிறவர்கள் நிற்கவே இல்லை.

2002-இல் எல்லாம் மாறியது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு அழிவதைப் பார்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நாட்டின் காடுகளையெல்லாம் தனக்குள் இழுத்துக்கொண்ட அந்த வழக்கு அந்தமானுக்கும் வந்து சேர்ந்தது. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, 2002 மே 7 உத்தரவு இங்கே இயற்கைக் காட்டு மரங்களை வியாபாரத்துக்காக வெட்டுவதை நிறுத்தியது. தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் இடம் வைத்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. எங்களுக்கும் கஷ்டம்தான். ஆனாலும் அந்த உத்தரவு சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் வளர்ந்த மரத்தைச் சாம்பல் கிண்ணமாகக் கடைந்து விற்ற கடைகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வேலைக்கு நிற்கும் மரம் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

விழுந்தது போதும். 2004 டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்தபோது தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. சிப்பிகாட் வயல்களில் ஏறிய கடல் திரும்பிப் போகவில்லை. தென்னையும் கமுகும் மாவும் நின்றபடியே செத்தன. அடுத்த வருஷம் அங்கே ஒருவர் தன் வீட்டு முற்றத்து மாமரத்தை வெட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் தாத்தா வைத்த மரம். காசு வாங்க மறுத்துவிட்டார். நின்றபடி செத்து ஒரு மழைக்காலம் கண்ட மரம் அது. அறுத்ததும் உள்ளே ஓடிக்கிடந்த கோடுகளைப் பார்த்து நானும் அவரும் பேசாமல் நின்றோம். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். பார்வை மங்கியிருந்தது. மோந்து பார்த்துவிட்டு, "மாங்கா வாசம் இன்னும் போகலைளா" என்றார்.

அந்த மரத்தில் மூன்று துண்டு இன்னும் என்னிடம் உலர்ந்து கிடக்கிறது. ஊர்ப் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. நான் இன்னும் போர்ட் பிளேர் என்றே சொல்கிறேன். இந்த மாதம் அம்பாசமுத்திரத்தில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். குங்குமச் சிமிழ் ஒன்று அந்த மாங்கட்டையில் எடுக்கிறேன். பூஞ்சை ஓடிய கட்டை ஒரு விரலுக்கு இரும்பாகவும் அடுத்த விரலுக்கு ரொட்டியாகவும் இருக்கும். மிருதுவான இடங்களில் அவலரக்கை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஊறவிட்டு, ஒரு நாள் காய வைத்து, அப்புறம்தான் உளியைத் தொடுகிறேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சாணை. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்கிறேன், அந்தத் தூளும் பூஞ்சை வித்தும் நெஞ்சுக்கு ஆகாது.

சிமிழில் கஷ்டமான இடம் மூடி. ஒரே கட்டையில் மூடியையும் அடியையும் பிரித்து எடுக்கும்போது, வெட்டும் உளியின் தடிமன் அளவுக்கு மரம் நடுவில் போய்விடும். மூடி உட்காரும் விளிம்புக்கும் கொஞ்சம் போகும். மூடிய பிறகு கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் விலகி நிற்கும். அப்பா மூடியை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்து, அதிகக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் நிறுத்தி, பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். நேற்று நானும் திருப்பிப் பார்த்தேன். சுற்றிலும் ஒன்பது கோடு. ஏழு சேர்ந்தன. ஒன்று ஒரு நூல் தள்ளி நிற்கிறது, ஒன்று மூடியோடு நின்றுவிட்டது. அந்த இடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன்.