தாடை எலும்பின் கதை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காப்பாரில் உள்ள நம் வீட்டிற்கு ஒரு தாயும் மகனும் வந்தனர். மகன் தோட்டப் பள்ளியில் நம்மிடம் பயின்றவன். இப்பொழுது மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். தாய் பல ஆண்டுகள் வெளிக்காட்டு வேலை செய்து அவனை ஆளாக்கியவர்.

"சார், நாலு வருசமாச் சேத்த காச எடுத்துக்கிட்டுக் கொரியாவுக்குப் போறானாம். தாடை எலும்பச் சீவிக்கப் போறானாம். நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றார் அந்த அம்மா.

மகன் தன் கைத்தொலைபேசியில் சில படங்களைக் காட்டினான். அகன்ற தாடையுடைய இளைஞர்கள் ஒரு பக்கம். அவர்களே மெலிந்த தாடையோடு மறுபக்கம். "கொஞ்சம் ஒடுக்கிக்கிட்டாப் போதும் சார்" என்றான்.

நாம் உடனே விடை கூறவில்லை. அந்த அகன்ற தாடைக்காக வகுப்பு மாணவர்கள் அவனைப் பட்டப்பெயர் சொல்லி அழைத்தது நம் நினைவுக்கு வந்தது. அதை நாம் கேட்டும் கேளாதவர்போல் இருந்ததும் உடன் நினைவுக்கு வந்தது. ஆகவே, இந்த மருத்துவம் எங்குத் தோன்றியது, யாருக்காகத் தோன்றியது என்பதைப் படித்தறிந்து சொல்வதாகக் கூறி அவர்களை அனுப்பினோம். அவ்வாறு அறிந்தவற்றை இன்று உங்கள் முன்னும் வைக்கிறோம்.

முதலில் நம் கீழ்த்தாடையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். அது குதிரை லாடம்போல் வளைந்த ஓர் எலும்பு. காதுக்குக் கீழே அது திரும்பும் மூலைக்குத் தாடைக்கோணம் என்று பெயர். அந்த மூலையின்மேல் உணவை மெல்லப் பயன்படும் கெட்டியான தசை ஒட்டியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு காதின் கீழ்ப்பக்கம் விரல் வைத்துப் பாருங்கள். அத்தசை புடைப்பது தெரியும். எலும்பின் உள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ்ப்பற்களுக்கும் கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அந்நரம்பே. இந்த நரம்பை மறவாதீர்கள். பின்னர் மீண்டும் இதனிடம் வருவோம்.

முகத்தில் கத்தி வைத்துச் செப்பனிடும் கலை நம் பாரத நாட்டிற்குப் புதிதன்று. பண்டைய மருத்துவர் சுசுருதர் பெயரால் வழங்கும் நூல், அறுந்த மூக்கையும் கிழிந்த காதுமடலையும் தோல்கொண்டு ஒட்டும் முறையைக் கூறுகிறது. இக்கலை ஏட்டளவில் நின்றுவிடவும் இல்லை. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் வீரர்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின், புனே நகர்ப் பகுதியில், செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் கோவாஸ்ஜியின் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். இச்செய்தி 1794ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனிலிருந்து வெளிவந்த ஓர் இதழில் படத்துடன் அச்சாகியது. அதன் வழியே சென்ற இலண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ, 1814இல் அங்கே அம்முறையைச் செய்து காட்டினார். ஒரு வண்டிக்காரரின் முகத்தில் ஓர் உழைப்பாளி செய்த வேலை, மேல்நாட்டுக்கே பாடமாயிற்று.

இனித் தாடைக்கு வருவோம். கீழ்த்தாடையை அறுத்துச் சிறிதாக்கிய முதல் அறுவைகளுள் ஒன்று 1849ஆம் ஆண்டு வெளியான குறிப்பில் காணப்படுகிறது. அமெரிக்காவில் வீலிங் என்னும் ஊரில் சைமன் ஹல்லிகென் என்ற மருத்துவர் இருந்தார். அவரிடம் இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். சிறு வயதில் தீப்பட்டு, கழுத்துத் தோல் சுருங்கி, அது தாடையைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது. அதனால் கீழ்த்தாடை நீண்டு வளர்ந்துவிட்டது. அவளால் வாயை மூட முடியவில்லை. ஹல்லிகென் தாடையின் இருபுறமும் ஆப்பு வடிவில் எலும்பை எடுத்து, அதனைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தினார். பிறகு கழுத்துத் தழும்பையும் உதட்டையும் தனித்தனியே செப்பனிட்டார். ஆக, தாடையைச் சிறிதாக்கும் கலை தீயில் வெந்த பெண்ணொருத்தி வாய்மூடி உண்பதற்காகச் செய்யப்பட்டது.

இக்கலையைப் பெரிதாக வளர்த்தது முதல் உலகப்போர். 1914 முதல் 1918 வரை பதுங்கு குழிகளில் போரிட்டவர்களின் முகங்களைக் குண்டுகள் சிதைத்தன. நியூசிலாந்தில் பிறந்த ஹெரால்டு கில்லிஸ் என்னும் மருத்துவரின் முயற்சியால் 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்ற ஊரில் முகக்காயங்களுக்கென்றே தனி மருத்துவமனை திறக்கப்பட்டது. 5,000க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்குச் சிகிச்சை பெற்றனர். தாடை இழந்தவர்களுக்கு வேறிடத்து எலும்பை எடுத்து வைத்துத் தாடை அமைத்தனர். அவர்கள் மனமுடைந்து போகாதிருக்க, நோயாளர் கூடங்களில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைக்கவில்லை. பின்னர் 1950களில், ஹூகோ ஓப்வெகேசர் என்பவர், வாயின் உட்புறமாகவே தாடை எலும்பைப் பிளந்து முன்பின் நகர்த்தும் முறையை வகுத்தார். முகத்தின் வெளியே தழும்பு விழாத அம்முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது.

இதுவரை நாம் கண்டவர்கள் யாவரும் ஊறுபட்டவர்கள், அல்லது உண்ணவும் பேசவும் இயலாதவர்கள். அகன்ற தாடையை ஒடுக்குவது வேறு வழியில் வந்தது. தாடைத்தசை மிகையாகப் பருத்தலை 1880இல் இலண்டனில் லெக் என்ற மருத்துவர் குறித்து வைத்தார். 1940களின் பிற்பகுதியில் சிலர் அத்தசையையும் தாடைக்கோணத்து எலும்பையும் செதுக்கி எடுக்கத் தொடங்கினர். 1989இல் கொரிய மருத்துவர் பேக் என்பவரும் அவருடைய குழுவினரும் தாடைக்கோணத்தை ஒடுக்கும் முறைபற்றி எழுதினர். அகன்ற தாடை முரட்டுத் தோற்றம் தருவதாக அந்நாட்டில் பலர் எண்ணினர். முதலில் பெண்களும் பின்னர் ஆண்களும் இதனை நாடினர். தேவைக்கென்று பிறந்த கலை, காலப்போக்கில் கடைச்சரக்காயிற்று. சியோல் நகரில் ஒரு மருத்துவமனை, பலரிடமிருந்து செதுக்கிய தாடை எலும்புத் துண்டுகளைக் கண்ணாடித் தூணில் நிரப்பி, விளம்பரம்போலக் காட்சிக்கு வைத்திருந்தது. 2014இல் அதிகாரிகள் அதற்குத் தண்டம் விதித்தனர்.

அதே நகரில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டு செப்டம்பரில், 24 வயதுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தாடையை ஒடுக்கிக்கொள்ள அறுவைக் கூடத்திற்குச் சென்றார். மிகுதியான இரத்தம் வெளியேறியது. பெரிய மருத்துவர் வேறு நோயாளிகளைக் கவனிக்கப் போய்விட்டார். ஏறத்தாழ ஏழு வாரம் நினைவின்றிக் கிடந்து அம்மாணவர் உயிர் நீத்தார். அவருடைய தாய், அறுவைக் கூடத்தின் கண்காணிப்புப் படக்கருவியில் பதிவானவற்றைப் பெற்று, நூற்றுக்கணக்கான முறை பார்த்தார். யார் எந்த நிமிடம் உள்ளே இருந்தார், எந்த நிமிடம் வெளியே போனார் என்று குறித்து வைத்து நீதி கேட்டார். 2021இல் அம்மருத்துவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு, அறுவைக் கூடங்களில் படக்கருவி பொருத்தவேண்டும் என்ற சட்டம் கொரியாவில் நிறைவேறியது. 2023 செப்டம்பர் முதல் அது நடப்புக்கு வந்தது. அந்தத் தாய் சட்டத்தைப் பெற்றார்; மகனைப் பெறவில்லை.

எல்லாருக்கும் இப்படி நேரும் என்று நாம் அச்சுறுத்தவில்லை. தேர்ந்த மருத்துவரிடம் செய்துகொண்டு நலமாகத் திரும்புவோரும் உளர். ஆனால், முன்பு சொன்ன அந்த நரம்பை நினைவுகூருங்கள். எலும்பைச் செதுக்கும்போது அது அறுபட்டாலோ நசுங்கினாலோ கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். பலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும். சிலருக்குத் திரும்பாமலே போகும். சூடான தேநீர் உதட்டில் படுவதும் தெரியாது. எடுத்த எலும்பு இருந்தபடி மீண்டும் வளராது. தசை மட்டுமே பருத்திருந்தால், ஊசி மருந்தால் அதனை இளைக்கச் செய்யும் முறையும் 1994 முதல் உண்டு. அதன் பயன் சில மாதங்களே நிற்கும்.

இவ்விடத்தில் நம் பாட்டிமார்களை எண்ணிப் பாருங்கள். கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த தலைமுறையில், காது வளர்த்த பெண்கள் பலர் இருந்தனர். குழந்தைப் பருவத்திலேயே காதைத் துளைத்து, கனம் ஏற்றி ஏற்றி, மடல் தோள்வரை தொங்கும்படி வளர்த்து, பாம்படமும் தண்டட்டியும் பூட்டினர். அன்று அதுவே அழகு. அடுத்த தலைமுறையில் அதே காது கேலிக்கு உரியதாயிற்று. தொங்கிய மடலை அறுத்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒரே காது, ஐம்பது ஆண்டுக்குள் இரண்டு தீர்ப்பு! காதுமடல் தோலும் சதையும் ஆதலால் தைத்துக்கொள்ள முடிந்தது. எலும்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. நாளை அகன்ற தாடையே ஆண்மைக்கு அழகு என்று உலகம் சொன்னால், செதுக்கியதை எங்கே போய்த் தேடுவது?

ஆனால், தாடைக்கு மருத்துவம் உண்மையிலேயே வேண்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல் மெல்ல முடியாத பிள்ளைகள், மோட்டார் சைக்கிள் விபத்தில் தாடை முறிந்த இளைஞர்கள், வாய்ப்புற்றால் தாடையின் ஒரு பகுதியையே இழக்க நேர்ந்த முதியவர்கள் இவர்களே. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் இந்நாட்டில் நம் இனத்தவரிடையே வாய்ப்புற்று கூடுதலாகக் காணப்படுகிறது. வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரத்திற்குமேல் இருந்தால் அரசாங்கப் பல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் வாய், தாடை அறுவைக்கெனத் தனிப்பிரிவு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறையும் 1972இலிருந்து இத்துறைக்கு ஆள்களைப் பயிற்றி வருகிறது. விளம்பரப் படத்தை நம்பிக் கடல் கடக்குமுன், இங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் வாயைத் திறந்து காட்டுவதில் இழப்பு ஒன்றும் இல்லை.

இவற்றை அந்த மாணவனிடமும் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பள்ளிக்கூடத்துல அவனுங்க கூப்பிட்டப்ப நீங்களும் இருந்தீங்க சார்" என்றான். நம்மிடம் மறுமொழி இல்லை. தவறு நம்முடையது என்று ஒப்புக்கொண்டோம். முதலில் கிள்ளானில் ஒரு மருத்துவரைப் பார்ப்பதாகக் கூறிச் சென்றான். அதற்குமேல் முடிவு அவனுடையது. உடல் அவனுடையது, உழைத்த பணமும் அவனுடையது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளின் முகத்தைச் சுட்டிப் பட்டப்பெயர் வைப்பதைக் கேட்டால் அன்றே அப்பொழுதே நிறுத்துங்கள். நாம் நிறுத்தாமல் விட்ட ஒரு சொல், ஓர் இளைஞனைக் கத்தியின் அருகே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.