தசையுறை அழுகல் நோய்

தோலடிக் கொழுப்பையும் தசையைப் போர்த்தியிருக்கும் உறையையும் பாக்டீரியா வேகமாக அழிக்கும் நோய். மருத்துவர்கள் இதை நெக்ரோட்டைசிங் ஃபாசியைட்டிஸ் என்பர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய மருத்துவர் ஜோசப் ஜோன்ஸ் 1871-இல் இதை விரிவாகப் பதிவுசெய்தார். இன்றைய பெயர் 1952-இல் வந்தது.

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தனியாகவோ, பலவகைக் கிருமிகள் கூட்டாகவோ நோயை உண்டாக்கும். சிறு கீறல், பூச்சிக்கடி, அறுவைக் காயம் என எதுவும் வாசலாகலாம்; சிலருக்குக் காயமே தென்படாது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து அதிகம்.

தொடக்கத்தில் தோல் ஏமாற்றிவிடும். லேசாகச் சிவந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் நோயாளி வலியில் துடிப்பார். கண்ணுக்குத் தெரிவதற்கும் வலிக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மையே முதல் தடயம். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டுவைத்தால் சில மணி நேரத்தில் அது கோட்டைத் தாண்டியிருக்கும். பின்னர் தோல் ஊதா நிறமாகும், கொப்புளம் எழும். அழுத்தினால் சிலருக்கு நறநறக்கும். நரம்புகள் செத்ததும் வலி மரத்துப்போகும். அதைக் குணமென்று எண்ணுவது பெரும் பிழை.

ஸ்கேனுக்காகக் காத்திருப்பதைவிடச் சந்தேகமிருந்தால் கீறிப் பார்ப்பதே நல்லது. நோயிருந்தால், பாத்திரம் கழுவிய தண்ணீர்போல் சாம்பல்நிற நீர் கசியும். உறையினூடே விரல் தடையின்றி நுழையும். செத்த திசுவை முழுவதும் வெட்டியெடுப்பதே முதன்மைச் சிகிச்சை. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து பார்ப்பார்கள். நோய் ஐயம் எழுந்ததுமே பலவகைக் கிருமிகளையும் தாக்கும் ஆன்டிபயாட்டிக்கைச் சிரைவழி தொடங்குவர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று உறுதியானால் பெனிசிலினுடன் கிளிண்டாமைசின். பின்னது நச்சு உற்பத்தியையும் அடக்கும். மருந்து மட்டும் போதாது, ரத்த ஓட்டமற்ற இடத்தை அது எட்டாது.